புளி, காஞ்சிரம், பள்ளிவாசல் மின்சாரம்: இடக்கை வலக்கை மூலக்கூறுகளின் கதை

செப்புக் குடத்தையும் பித்தளை விளக்கையும் புளி போட்டுத் தேய்க்காத தமிழ் வீடு இருக்க முடியாது. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்தாலும் சரி, போடிமெட்டு ஏறி பூப்பாறை, தேவிகுளம் போனாலும் சரி, வெள்ளிக்கிழமை என்றால் விளக்குக்குப் புளிதான். கடல் தாண்டி வந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை. தமிழ்க் கடையில் கிடைக்கும் தாய்லாந்துப் புளியை வைத்தாவது தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

2003-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு ஆய்வுக்கூடம் கிட்டத்தட்ட இதே இரண்டு பொருட்களை எடுத்துக்கொண்டது. ஒரு பக்கம் செம்பு, இன்னொரு பக்கம் புளியில் இருக்கும் அமிலம். நாம் தேய்த்தோம், அவர்கள் மின்சாரம் பாய்ச்சினார்கள். கிடைத்த முடிவு 'நேச்சர்' பத்திரிகையில் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள், அதற்கும் நம் மலைகளுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும், பயப்பட வேண்டாம். ப்ளஸ் டூவில் ஃபெலிங் கரைசல் பார்த்தவர்களுக்கு எல்லாமே பழக்கமான ஆட்கள்தான்.

இரண்டு கை

இடக்கால் செருப்பை வலக்காலில் மாட்டிப் பாருங்கள். அளவு ஒன்று, தோல் ஒன்று, தைத்த விதமும் ஒன்று. ஆனாலும் பொருந்தாது. கண்ணாடியில் பார்த்தால் ஒன்று மற்றதைப் போலவே தெரியும், ஒன்றன் மேல் ஒன்றை வைத்தால் சேராது. மூலக்கூறுகளிலும் இப்படி உண்டு. ஒரு கார்பன் அணுவின் நான்கு பக்கமும் நான்கு வேறு வேறு கூட்டங்கள் ஒட்டியிருந்தால், அதற்கு இடக்கை வடிவம் ஒன்றும் வலக்கை வடிவம் ஒன்றும் வரும். பாடப்புத்தகத்தில் சமச்சீரற்ற கார்பன் என்று படித்தோமே, அதுதான்.

இதை முதலில் கண்ணால் பார்த்துப் பிரித்தவர் லூயி பாஸ்டர். வருடம் 1848, அவருக்கு வயது 25. ஒயின் பீப்பாயில் படியும் டார்டாரிக் அமிலம் ஒளியை ஒரு பக்கம் திருப்பும். அதே அமைப்பு கொண்ட 'ரேசமிக்' அமிலமோ எந்தப் பக்கமும் திருப்பாது. பாஸ்டர் இதன் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்து, இடது சாய்ந்த படிகங்களை ஒரு குவியலாகவும் வலது சாய்ந்தவற்றை இன்னொரு குவியலாகவும் பொறுக்கி வைத்தார். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான். தனித்தனியாகக் கரைத்தபோது ஒன்று ஒளியை வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் திருப்பியது. வயதான விஞ்ஞானி பியோ நம்பாமல், தன் கண் முன்னே மறுபடி செய்துகாட்டச் சொல்லி, பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த உப்பு இப்படித் தனித்தனிப் படிகமாகப் பிரிவது ஏறத்தாழ 27 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான். அதற்கு மேலே போனால் இரண்டு கையும் ஒரே படிகத்தில் கோத்துக்கொள்ளும், பொறுக்க ஒன்றும் இருக்காது. பாஸ்டர் பாலக்காட்டில் மீன மாசத்து வெயிலில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். மூணாறுக்கு ஏறியிருந்தால் பிழைத்திருப்பார் :-)

இரண்டு புளி

ஆய்வுக்கூடத்தில் சாதாரண முறையில் ஒரு பொருளைச் செய்தால் இரண்டு கையும் சரிபாதியாக வரும். மரம் செடி கொடிகள் அப்படிச் செய்வதில்லை. புளிய மரம் டார்டாரிக் அமிலத்தின் ஒரே ஒரு கையைத்தான் செய்கிறது. அது திராட்சையில் இருக்கும் அதே கை.

நம் எல்லைப் பகுதியின் சமையல் இரண்டு புளிகளுக்கு நடுவே இருக்கிறது. பாலக்காட்டின் கிழக்கே சாம்பாருக்கும் ரசத்துக்கும் நம் புளி (மலையாளத்தில் வாளன்புளி). இடுக்கிப் பக்கம் இறங்கினால் மீன் குழம்புக்குக் குடம்புளி. குடம்புளியில் இருப்பதும் டார்டாரிக் அமிலம், சிட்ரிக் அமிலம்தான் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1965-ல் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் லூயிஸ், நீலகண்டன் என்ற இருவர், அதில் முக்கியமாக இருப்பது ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று காட்டினார்கள். அந்த அமிலத்துக்கு நான்கு வடிவங்கள் சாத்தியம். குடம்புளி அதில் ஒன்றை மட்டும் செய்கிறது. புளிச்சக்கீரை இனத்துச் செடிகளில் வேறொரு வடிவம் இருக்கிறது. நாக்குக்கு எல்லாம் புளிப்புதான், மரத்துக்கோ கணக்கு பிசகுவதே இல்லை.

இந்தப் பிசகாத கணக்கு எதற்கு முக்கியம் என்றால், நம் உடம்பும் அதே போல ஒரு கைக்காகச் செய்யப்பட்டது. மருந்தின் ஒரு கை நோயைத் தொடும், மறு கை சும்மா போகும், சில சமயம் கெடுதலும் செய்யும். ஆகவே வேண்டிய கையை மட்டும் செய்வது எப்படி என்பது நூறு வருடத்துக்கும் மேலாகக் கெமிஸ்ட்ரிக்காரர்களின் தலைவலி.

மலை இறங்கிய மின்சாரம்

இனி மின்சாரம். மூணாறு மலைகளை 1877-ல் பூஞ்ஞார் அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு எடுத்தார். முதலில் வந்த வெள்ளைக்காரத் துரைகள் தேயிலையோடு வரவில்லை. காப்பி, ஏலம், கற்றாழை நார், சின்கோனா என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்தார்கள். (சின்கோனா என்பது கொயினா மருந்து எடுக்கும் மரம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.) கடைசியில் தேயிலை நிலைத்தது. அதைக் கிள்ள மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களில் இருந்து தமிழ்க் குடும்பங்கள் மலை ஏறின. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டத்துக்குப் பிறகும், கேரளாவிலேயே தங்கிவிட்டன. அதே நாளில் மதராஸ் ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவில் இருந்த பாலக்காடும் கேரளாவுக்குப் போனது.

இதற்கெல்லாம் முன்பே, திருவாங்கூர் சமஸ்தானம் மூணாறுக்குக் கீழே முதிரப்புழா ஆற்றுத் தண்ணீரை வைத்துப் பள்ளிவாசல் நீர்மின் நிலையத்தைக் கட்டியது. 1940-ல் அது ஓடத் தொடங்கியது. இன்றைய கேரளாவின் எல்லைக்குள் அமைந்த முதல் பெரிய நீர்மின் திட்டம் அதுதான். முழுதாக முடிந்தபோது 37.5 மெகாவாட். இன்றைக்கு அது ரொம்பச் சின்ன எண்ணாகத் தெரியும். 1976-ல் திறந்த இடுக்கி மின் நிலையத்தின் திறன் 780 மெகாவாட். ஆனால் அந்தக் காலத்தில் அவ்வளவு மின்சாரத்தை வாங்க வீடுகளில் ஆளில்லை. யார் வாங்குவார்கள்? மின்பகுப்புத் தொழிற்சாலைகள்தான்.

மின்பகுப்பு என்றால், கரைசலிலோ உருகிய உப்பிலோ இரண்டு மின்வாய்களை நட்டு மின்சாரம் விட்டு ரசாயன மாற்றத்தை நடத்துவது. 1943-ல் ஆலுவாவுக்குப் பக்கத்தில் அலுபுரத்தில் இந்தியன் அலுமினியம் கம்பெனி பள்ளிவாசல் மின்சாரத்தை நம்பி அலுமினியம் உருக்க ஆரம்பித்தது. இந்தியாவில் அலுமினியம் உற்பத்தி தொடங்கியது அங்கேதான். நம் பாட்டிமார் வீட்டு அலுமினியச் சட்டியின் மூதாதை இந்த மலைத் தண்ணீர்! 1951-ல் திருவாங்கூர் கொச்சி கெமிக்கல்ஸ் கம்பெனி வந்தது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்டுக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பது அதன் வேலை. அந்தக் காலத்து வழக்கப்படி அங்கேயும் ஒரு மின்வாயாக இருந்தது பாதரசம். பின்னாளில் அதைக் கைவிட்டு மெம்பிரேன் முறைக்கு மாறினார்கள். பாதரசம் ஆற்றில் கலந்தால் என்ன ஆகும் என்று உலகம் ஜப்பானின் மினமாட்டாவில் பார்த்துவிட்டது.

தமிழ்நாட்டுப் பக்கம் இதே சமயத்தில் இன்னொரு காரியம் நடந்தது. காரைக்குடியில் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் அன்று, ஜனவரி 14-ல், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோகம், அரிப்பு, பேட்டரி என்பதோடு நிற்காமல், மின்சாரம் விட்டுக் கரிமச் சேர்மங்களைச் செய்வதற்கும் அங்கே தனி முயற்சி நடந்தது. எச்.வி.கே. உடுப்பா என்பவரின் பெயர் அந்தத் துறையில் முக்கியமானது. சுழலும் மின்வாய்களை வைத்து மருந்துகளுக்கான மூலப்பொருட்களைச் செய்து பார்த்தவர் அவர்.

எலக்ட்ரானுக்குக் கை தெரியுமா?

மின்சாரத்தால் அலுமினியம் செய்யலாம், சோடா செய்யலாம். ஒரு கை மூலக்கூறு செய்யலாமா? இங்கேதான் சிக்கல்.

ஒரு தட்டையான மூலக்கூறு மின்வாயின் மேல் வந்து படுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இலையில் அப்பளம் மாதிரி. அதன் இந்தப் பக்கம் கீழே இருந்து எலக்ட்ரான் ஏறினால் இடக்கைப் பொருள். அந்தப் பக்கம் கீழே இருந்தால் வலக்கைப் பொருள். வழவழப்பான மின்வாய்க்கு எந்தப் பக்கம் படுத்தாலும் ஒன்றுதான். ஆகவே நூற்றுக்கு ஐம்பது, ஐம்பது. எவ்வளவு மின்சாரம் விட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. கை வேண்டுமென்றால், கையுள்ள ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்து, "இந்தப் பக்கமாகப் படு" என்று சொல்ல வேண்டும்.

1967-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கிரிம்ஷா குழுவினர் அதைச் செய்து காட்டினார்கள். பாதரச மின்வாய், அதன் மேல் செடியில் இருந்து எடுத்த ஆல்கலாய்டு, அதோடு குமரின் வகைச் சேர்மம். ஆல்கலாய்டு பாதரசத்தின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு, வருகிற மூலக்கூறை ஒரு பக்கமாகச் சாய்த்தது. கிடைத்த பொருளில் ஒரு கை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அந்தக் கொஞ்சம்தான் பெரிய விஷயம். அது வரை மின்வாய்க்கு இடம் வலம் தெரியாது, அன்று தெரிந்தது. அடுத்த வருடம் ஜெர்மனியில் ஹார்னரும் டெக்னரும், மின்வாய்க்குப் பதிலாகக் கரைசலில் போடும் உப்பைக் கையுள்ளதாக்கி இதே திசையில் போனார்கள்.

அடுத்த பத்து வருடத்தில் பல ஆல்கலாய்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். 1977-ல் அமெரிக்காவில் மில்லர் குழுவினர் பயன்படுத்தியதில் ஒன்று ஸ்டிரைக்னின். இது எங்கிருந்து வருகிறது தெரியுமா? எட்டிக் கொட்டையிலிருந்து. "எட்டிக்காய் மாதிரிக் கசக்கிறது" என்று நாம் சொல்லும் அதே எட்டி. மலையாளத்தில் காஞ்சிரம். பாலக்காட்டில் மண்ணார்க்காடு பக்கம் காஞ்சிரப்புழா என்று ஒரு ஆறும் அணையும் உண்டு, கோட்டயத்தில் காஞ்ஞிரப்பள்ளி உண்டு. ஊர்ப் பெயர்களிலேயே அந்த மரம் நிற்கிறது. தொட்டால் கசப்பு, தின்றால் மரணம். ஆனால் அந்த விஷத்தை அந்த மரம் ஒரே கையாகச் செய்கிறது. கெமிஸ்ட்ரிக்காரனுக்கு வேண்டியது அதுதான்.

சின்கோனாவை நினைவில் வைக்கச் சொன்னேனே. பாஸ்டர் 1853-ல் படிகம் பொறுக்கும் வேலையை விட்டுவிட்டு, சின்கோனாவில் இருந்து வந்த காரங்களைக் கொண்டே ரேசமிக் அமிலத்தின் இரு கைகளையும் பிரித்தார். பிறகு மின்வாய்க்காரர்களும் அதே சின்கோனா ஆல்கலாய்டுகளை எடுத்துக்கொண்டார்கள். மூணாறில் தேயிலைக்கு முன்னால் நட்டுப் பார்த்த மரம் மலேரியாவுக்கு மட்டும் மருந்தில்லை.

ஒரு திருத்தமும் சேர்க்க வேண்டும். எலக்ட்ரானுக்குக் கையே தெரியாது என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. எலக்ட்ரானுக்கு 'ஸ்பின்' என்று ஒரு குணம் உண்டு. கையுள்ள மூலக்கூறுகளின் அடுக்கு வழியே போகும்போது ஒரு வகை ஸ்பின் சுலபமாகப் போகிறது, மற்றது தடைபடுகிறது என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் ரான் நாமன் குழு 1999-ல் காட்டியது. இதைத் திருப்பிப் போட்டு, காந்தமேற்றிய மின்வாயில் இருந்து ஒரே வகை ஸ்பின்னை அனுப்பி ஒரு கையைக் கூடுதலாக்க முடியுமா என்ற ஆராய்ச்சி இப்போது சூடாக நடக்கிறது.

செம்பில் ஒட்டிய கை

இப்போது மிசௌரிக்கு வரலாம். ஜே ஸ்விட்சர் குழுவினர் செம்பு உப்பையும் டார்டாரிக் அமிலத்தின் உப்பையும் காரக் கரைசலில் கலந்தார்கள். இது எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? ஃபெலிங் கரைசலேதான், கிட்டத்தட்ட. சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்து, நீலம் செங்கல் நிறமாக மாறுவதைப் பார்த்து மதிப்பெண் வாங்கினோமே, அது. அந்தக் கரைசலில் தங்கத் தகடு ஒன்றை வைத்து மின்சாரம் விட்டார்கள். தகட்டின் மேல் செம்பு ஆக்சைடு படலமாகப் படிந்தது.

தங்கத் தகட்டுக்குக் கை கிடையாது, செம்பு ஆக்சைடுக்கும் கிடையாது. ஆனால் புளியில் இருக்கும் கையைப் போட்டால் படலம் ஒரு பக்கம் சாய்ந்து வளர்ந்தது. அதன் கண்ணாடிப் பிம்பத்தைப் போட்டால் எதிர்ப்பக்கம் சாய்ந்து வளர்ந்தது. அமிலத்தைக் கழுவிவிட்ட பிறகும் படலத்தில் அந்தச் சாய்வு நின்றது. அந்தப் படலத்தையே மின்வாயாக வைத்தபோது, இடக்கை வலக்கை டார்டாரிக் அமிலங்களை அது பிரித்து அறிந்தது. தன்னை வளர்த்த கையை அதிகமாக ஆக்சிஜனேற்றியது. ஆக, கை என்பது மூலக்கூறில் இருந்து ஒரு திடப்பொருளுக்கு இறங்கிவிட்டது. அச்சு எடுத்த மாதிரி.

நாம் குடம் தேய்க்கும்போது நடப்பது இதன் எதிர்ப்பக்கம். அமிலம் செம்பு ஆக்சைடைக் கரைத்து, டார்டரேட் செம்பைப் பிடித்துக்கொண்டு போகிறது. குடத்தில் கை எதுவும் படியாது, பளபளப்புதான் மிச்சம். ஆனால் அந்தப் பிடி, செம்புக்கும் புளிக்கும் உள்ள அந்தப் பிடிதான், மிசௌரியிலும் வேலை செய்தது.

பூனைக்காலி

கடைசியாக வருவது, நம் வீடுகளுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் ஒரு மருந்து. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்து, டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லி, எழுதித் தரும் மாத்திரையில் இருப்பது லெவோடோபா. எல்-டோபா என்பதும் அதுவே. 'லெவோ' என்ற அந்தச் சொல்லே இடப்பக்கம் என்று பொருள்படும். கையை மருந்தின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரமெங்கும் வேலியில் படரும், மேலே பட்டால் அரித்துத் தள்ளும் பூனைக்காலிக் கொடியின் விதையில் இது நிறைய இருக்கிறது (மலையாளத்தில் நாய்க்குரணை). 1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையில் இருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். அப்போது அது பார்க்கின்சனுக்கு மருந்து என்று யாருக்கும் தெரியாது. 1967-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ் நோயாளிகளுக்கு டோபாவைப் பெரிய அளவில் கொடுத்து, அசையாதவர்களை அசைய வைத்தார். ஆனால் முதலில் அவர் கொடுத்தது இரண்டு கையும் கலந்த டோபா. சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. பிறகு எல் வடிவத்தை மட்டும் கொடுத்தபோது அளவைக் குறைக்க முடிந்தது, அந்தத் தொல்லையும் போனது. இடம் வலம் என்பது வெறும் பாடப்புத்தகப் பேச்சில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த ஒரு கையைத் தொழிற்சாலையில் செய்ய வழி கண்டவர் மான்சாண்டோ கம்பெனியின் வில்லியம் நோல்ஸ் (இதுவும் மிசௌரிதான், செயின்ட் லூயிஸ்). ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தில் கையுள்ள ஒரு பிடியை மாட்டி அவர் செய்தார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

மின்சாரக்காரர்களும் டோபாவை எடுத்துக்கொண்டார்கள். 2014-ல் தாய்லாந்தின் சுலாரட் வத்தனகிட், பிரான்சின் போர்தோ நகரத்து அலெக்சாண்டர் குன் ஆகியோரின் குழு, டோபா மூலக்கூறுகள் கலந்த குழம்பில் பிளாட்டினத்தை மின்சாரத்தால் படியவைத்து, பிறகு டோபாவைக் கழுவி எடுத்துவிட்டது. மாவில் விரல் பதிந்த குழி போல, பிளாட்டினத்தில் டோபாவின் குழிகள் மிஞ்சின. எந்தக் கையைப் பதித்தார்களோ அந்தக் கையை அந்த உலோகம் அடையாளம் கண்டது. 2017-ல் இதே வழியில் மாண்டலிக் அமிலத்தின் குழிகளைப் பதித்து, மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்தி, ஒரு கைப் பொருளைச் செய்தார்கள். வேண்டிய கையின் மிகுதி நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. பெல்ஃபாஸ்டில் "கொஞ்சம்" என்று தொடங்கியது ஐம்பது வருடத்தில் அங்கே வந்து நின்றது. பாதரசமும் இல்லை, எட்டிக்கொட்டை விஷமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: யாரும் அப்பாவுக்குப் பூனைக்காலி விதையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். விதைக்கு விதை அளவு மாறும், மாத்திரையோடு சேர்ந்தால் மருந்து கூடிப்போகும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

யாருக்கு என்ன கிடைத்தது?

வரிசையாகப் பார்த்தால் மனதில் ஒன்று உறுத்துகிறது. புளி நம்முடையது, காஞ்சிரம் நம்முடையது. டோபாவைப் பூனைக்காலியில் இருந்து எடுத்தது சென்னையில். மலைத் தண்ணீர் மின்சாரமாக இறங்கி அலுமினியமும் சோடாவும் ஆனது, அந்த மலையின் தமிழ்க் குடும்பங்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாக லயத்து வீட்டிலேயே இருந்தன. கையைப் பிடித்து மின்வாயில் வைத்த வேலை பெல்ஃபாஸ்ட், மிசௌரி, போர்தோவில் நடந்தது. இதில் யார் மேலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மூலப்பொருள் இருக்கும் இடத்தில் கேள்வி கேட்கும் ஆளும், அந்த ஆளுக்கு ஒரு ஆய்வுக்கூடமும் வேண்டும்.

அழகப்பர் 1948-ல் புரிந்துகொண்டது அதைத்தான். காரைக்குடி இன்றும் இருக்கிறது. 2015-ல் பாலக்காட்டுக்கு ஐ.ஐ.டி. வந்தது, கஞ்சிக்கோட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்கு எட்டிப் பார்க்கும் தூரத்தில். மருந்து செய்ய விலையுயர்ந்த உலோகத்தையும் விஷக் கழிவையும் குறைக்க மின்சாரம் நல்ல வழி என்று உலகம் இப்போது திரும்பிப் பார்க்கிறது. எலக்ட்ரான் மலிவான ரசாயனம், கழிவாக எதையும் விட்டுப் போகாது. தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு பிள்ளை அந்த ஆய்வுக்கூடத்துக்குள் போக எத்தனை வருடம் ஆகும் என்பதுதான் இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

அதுவரை, அடுத்த வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். புளிக்கு ஒரு கை உண்டு என்று சொல்லுங்கள். எந்தக் கை, ஏன் அந்தக் கை மட்டும் என்று கேட்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு, உயிர்கள் ஏன் முதலில் ஒரு கையைத் தேர்ந்தெடுத்தன என்ற கேள்விக்கு, இன்னும் யாரிடமும் முடிவான பதில் இல்லை. அது அவர்களுக்காகக் காத்திருக்கட்டும்.